வேகவைத்தாலும் போகாத விஷம்

ஜாசின் வட்டாரக் கடலோரத்தில் செபாத்து என்றொரு கிராமம் உண்டு. 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அங்கே வளர்க்கப்பட்ட கூப்பாங் மட்டியைச் சாப்பிட்ட மூவர் நோய்வாய்ப்பட்டனர். அதுவரை இந்த மட்டி விஷம் சபாக் கடலுக்கே உரியது என்றுதான் நம் பக்கத்தில் எண்ணியிருந்தார்கள். சபா வட்டாரத்தில் 1976-இல் 202 பேர் பாதிக்கப்பட்டு, 7 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டிலும் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில், 1981-இல் மட்டி தின்ற 85 பேர் மருத்துவமனை சென்றனர், மூவர் இறந்தனர்.

மட்டியின் மீது குற்றமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கடற்பாசி சில காலங்களில் பெருகிவிடுகிறது. மட்டியோ மணிக்குச் சில லிட்டர் கடல் நீரை வடிகட்டி உண்ணும் பிராணி. பாசியின் நஞ்சு அதன் சதையில் சேருகிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை, தின்றவருக்குத்தான் ஆபத்து. கடல் சிவந்தால்தான் விஷம் என்பதும் சரியல்ல. தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே நஞ்சு இருக்கக்கூடும்.

சகோதரிகளே, நம் சமையல் சாமர்த்தியமெல்லாம் இங்கே செல்லாது. எத்தனை கொதி கொதித்தாலும் இந்த நஞ்சு அழியாது. புளியும் பூண்டும் அதை முறிக்கமாட்டா. அவித்த நீரிலும் அது இறங்கிவிடுவதால், சாறு மட்டும் குடித்தேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. வாசனையிலோ ருசியிலோ வித்தியாசம் தெரியாது.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? சோதனைச்சாலையில்தான். மீன்வளத் துறையினர் நீரை எடுத்துப் பாசியை எண்ணுகிறார்கள். மட்டிச் சதையையும் சோதிக்கிறார்கள். முன்பெல்லாம் சுண்டெலிக்கு ஊசி போட்டு, அது எத்தனை நிமிடத்தில் சாகிறதென்று பார்ப்பார்கள். ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பாசி அடங்கியபின் மட்டி தானே சுத்தமாகும்; அதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை அறுவடை கூடாது. 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் கூப்பாங்கைச் சாப்பிட்டுச் சிலர் நோயுற்றபோது, அதை உண்ணவேண்டாமென்று அறிவித்தார்கள். அது பக்கத்து மாநிலம்தானே என்று இருந்துவிட முடியுமா? கடல் ஒன்றுதான். பாசார் மாலாமில் வாங்குமுன் எந்தக் கடற்கரைச் சரக்கென்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மீன் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

உண்டு சற்று நேரத்தில் உதடும் நாக்கும் விறுவிறுத்து, விரல்கள் மரத்தால் காத்திருக்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை. மூச்சு அடங்கினால் இயந்திரம்தான் காப்பாற்றும். மட்டி தின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள். சட்டியில் மிச்சமிருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.