நிலம் ஈந்தவர் பெயர் எங்கே?

பிள்ளைக்குப் பெயரிடுமுன் பெரியோர் பலமுறை சிந்திப்பர். நிறுவனங்களுக்குப் பெயரிடும்போதும் அவ்வாறே சிந்திக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சிதம்பரத்தில் 1920-ஆம் ஆண்டு மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியவர் அண்ணாமலைச் செட்டியார். 1929-இல் தோன்றிய பல்கலைக்கழகம் அவர் பெயரையே பெற்றது. 2013-இல் அரசு அதன் நிர்வாகத்தை ஏற்ற பின்னும் அப்பெயர் மாறவில்லை. கொடுத்தவரை மறவாமை நன்றன்றோ!

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் பெயரில் உள்ள ‘பாரி’, முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளல் என்றே சிறுவயதில் நம்பியிருந்தேன். அவர் 1788-இல் சென்னைக்கு வந்த வேல்ஸ் நாட்டு வணிகர் தாமஸ் பாரி என்று பின்னர் அறிந்து சிரித்தேன். 1824-இல் மறைந்த அவருடைய கல்லறை நம் கடலூரில்தான் உள்ளது.

ஆனால் நெய்வேலியை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. 1956-இல் தோன்றிய ‘நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம்’ 2016-இல் ‘என்.எல்.சி. இந்தியா’ ஆயிற்று. பிற மாநிலங்களிலும் தொழில் பரவியதால் பெயர் மாற்றம் தேவை என்பர். அது நியாயமே. ஆயினும், பொருள் ஈந்தவர் பெயர் முழுமையாக நிற்க, சுரங்கத்திற்கு நிலம் ஈந்த ஊரின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கலாமா? வீடு வாசல் விட்டுப் பெயர்ந்த சிற்றூர்களுக்கு அந்த ஓர் எழுத்தும் இல்லையே!

அச்சிற்றூர்களின் பெயர்களை நிறுவனத்தின் வாயிலில் கல்லில் பொறிக்க வேண்டும். பெயர் என்பது நன்றிக்கடன். புனிதரின் பெயர் தாங்கிய பள்ளியில் பயிலும் நாம் இதை அறிவோம் அல்லவா?

– பத்தாம் வகுப்பு மாணவி