வைரஸை விட வேகமாகப் பரவும் வதந்தி

2016இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாடசாலைக் கதவு மூடப்பட்டது. அவனது தந்தை எயிட்ஸினால் இறந்தார் என்ற வதந்தியே காரணம். சிறுவனுக்குத் தொற்று இல்லை எனப் பரிசோதனை காட்டியபோதும் ஏனைய பெற்றோர் தமது பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். இறுதியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது.

உண்மையில், அவனுக்குத் தொற்று இருந்திருந்தாலும் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்தில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதி, பகிரப்படும் ஊசி, தாயிடமிருந்து சேய்க்கு ஆகிய வழிகளிலேயே எச்.ஐ.வி. பரவுகிறது. ஒரே சஹனில் சாப்பிடுவதாலோ, கைகொடுத்து ஸலாம் சொல்வதாலோ, மலசலகூடத்தாலோ, நுளம்புக் கடியாலோ பரவாது. மருந்தினால் குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை தொடர்ந்தால் உடலுறவு மூலமும் தொற்றாது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது.

அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியமும் பேணப்படும். ஆனால், ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி அங்கு போகாதவர், தான் அறியாமலே மனைவிக்கும் தொற்றைக் கொடுக்கக்கூடும். ஆக, ஒதுக்கிவைப்பது எவரையும் காப்பதில்லை. நோயை மறைக்கவே கற்றுக்கொடுக்கிறது.

சுகாதாரப் பாடத்தில் இந்த அத்தியாயம் வரும்போது, "வீட்டில் வாசியுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. ஆசிரியர் சொல்லாமல் விடுவதை வாட்ஸ்அப் சொல்லிக்கொடுக்கும். குளியாப்பிட்டியில் நடந்தது நமது ஊரில் நடக்காதிருக்க, அந்தப் பக்கத்தை வகுப்பிலேயே வாசிப்போம்.