அலுமாரிக்குள்ள பூஞ்சணம் பிடிக்கிற கலியாணவீடு

எங்களில் ஒருவரின் வீட்டில் ஐந்து திரைகள். ஹோலில் ஒரு ரிவி, ஆளுக்கொன்றாக நாலு போன். ஒரு ஞாயிறு பின்னேரம் ஐந்திலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தும் வெளியிலிருந்து டேட்டா தின்றுதான் ஓடின. அந்த நேரம் பார்த்து கனடாவிலிருந்து பெரியம்மா கோல் எடுத்தா. "தங்கச்சி, அப்பா நடந்து திரியிற மாதிரி உன்ர கலியாண வீடியோ ஒண்டு இருந்ததெல்லே, அது கிடக்கோ?"

கிடக்கு. அலுமாரியின் மேல்தட்டில், பழைய சாறிகளுக்குப் பின்னால், ஒரு விஎச்எஸ் கசெற்றாகக் கிடக்கு. ஆனால் வீட்டில் டெக் இல்லை. கசெற்றைத் திறந்து பார்த்தால் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். உலகத்துப் படமெல்லாம் கைக்குள் இருக்கிற வீட்டில், அந்த வீட்டு மனிசர் நடந்து திரிகிற மூன்று மணித்தியாலத்தைப் பார்க்க வழியில்லை.

வீட்டுக்கு ஒரு மீடியா சேர்வர் வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதுக்காகத்தான். கூடப் படம் பார்க்க அல்ல.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்: "உதெல்லாம் கிளவுட்டில போடலாம் தானே." போடலாம். எவ்வளவு காலத்துக்கு? கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் போடலாம் என்ற காலம் 2021 ஜூன் 1உடன் முடிந்தது. இப்போது மெயிலோடு சேர்த்து 15 ஜிபி, அதுக்கு மேல் மாதக் காசு. இரண்டு வருடமாக ஒருத்தரும் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. செத்துப்போன தாத்தாவின் கணக்கை எங்கள் வீடுகளில் யார் திறக்கிறது? பாஸ்வேர்ட் அவரோடு போய்விட்டது.

"அப்ப யூரியூப்பில போடு" என்பது அடுத்த பதில். எங்கட கலியாண வீடியோ எதையாவது முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா? பொம்பிளை வெளிக்கிடுகிறதிலிருந்து பந்தி வரைக்கும் வீடியோக்காரர் சினிமாப் பாட்டாகவே கோத்திருப்பார். ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரும். சத்தத்தை வெட்டச் சொல்லும், சில இடங்களில் வீடியோவையே முடக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, அது யாருடைய வீடியோ என்பது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எடுத்த சாமத்தியவீட்டு வீடியோவை, இப்போது முப்பது வயதாகிற அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் மாமாமார் ஊருக்கெல்லாம் திறந்துவிடுகிறார்கள். கேட்டால் "சந்தோசமான விசயம் தானே" என்பார்கள். சந்தோசம் யாருக்கு? எங்கள் வட்டத்திலேயே இதால் வீட்டோடு கதைக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

காசு குடுத்து வாங்கியதாவது நிலைக்குமா என்றால் அதுவும் இல்லை. ஃபனிமேஷன் டிவிடி பெட்டிக்குள் ஒரு கோட் வைத்து, அதைப் பதிந்தால் டிஜிட்டல் பிரதி எப்போதும் உங்களுடையது என்று சொன்னது. 2024 ஏப்ரல் 2ஆம் திகதி அந்தச் சேவை மூடப்பட்டபோது அந்தப் பிரதிகள் வேறெங்கும் மாற்றப்படவில்லை. அனிமே பார்க்கிற பெடியளுக்கு இந்தக் கதை தெரியும். முந்தி நாங்கள் டெக்கையும் ரிவியையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றி, விடிய விடியப் படம் பார்த்த சனம். அப்போது வாடகை என்றால் வாடகை என்று தெரிந்து குடுத்தோம். இப்போது வாங்கினதாக நினைத்துக்கொண்டு வாடகை குடுக்கிறோம்.

இனி மற்றக் கட்சி. சேர்வர் என்றதும் கண் மினுங்குகிற எங்கட தொழில்நுட்பப் பெடியள். இவர்களோடுதான் எங்களுக்குக் கூடக் கோபம், ஏனென்றால் கைவசம் வித்தை இருக்கிறது. ரெலிகிராமிலிருந்து இறக்கின ஆயிரம் படம், ஒவ்வொன்றுக்கும் வடிவான போஸ்டர், நூற்றுக்கணக்கில் கொரிய நாடகம். அம்மாவின் கலியாண வீடியோ மட்டும் இல்லை. இறக்கினதில் முக்கால்வாசி ஒருநாளும் பார்க்கப்படாது, முழுவதும் இன்னொருத்தரின் உழைப்பு. நாளைக்கு டிஸ்க் செத்தால் அந்த ஆயிரமும் திரும்ப உலகத்தில் கிடைக்கும். அந்தக் கசெற் கிடைக்காது.

உள்ளூர்ப் படங்களுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் எரிந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் கையில் தூக்கக்கூடியதைத்தான் கொண்டுபோனார்கள். அல்பம் வந்ததா, வீட்டிலேயே விட்டதா என்பது இன்றைக்கும் எங்கட வீடுகளில் ஒரு கதை. புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் நூலகம் திட்டம் 2005இலிருந்து ஸ்கான் பண்ணிக்கொண்டிருக்கிறது. வீட்டு அலுமாரிக்கு அப்படி ஒருத்தரும் வரப்போவதில்லை. அதை அந்தந்த வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும்.

செய்கிறது கஷ்டமா? அந்த வீட்டில் நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறோம். திரை உடைந்து மூலையில் கிடந்த லப்டொப் ஒன்றில் லினக்ஸ் போட்டோம். அதில் ஜெலிஃபின். ஏன் பிளெக்ஸ் இல்லை என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வெளியே இருந்து உங்கட சொந்தக் கோப்பைப் பார்க்கிறதுக்கே 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து பிளெக்ஸ் காசு கேட்கிறது. அதோடு வாழ்நாள் கட்டணத்தையும் 120 டொலரிலிருந்து 250 ஆக்கிவிட்டது. எம்பி தன்ர மூலநிரலை மூடினபோது, 2018 டிசம்பரில், அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஜெலிஃபின். கட்டணமும் இல்லை, வெளியில் யாரிடமும் கணக்குத் திறக்கத் தேவையும் இல்லை. வாடகையிலிருந்து தப்ப வெளிக்கிட்டு இன்னொரு வாடகை வீட்டுக்குள் போகிறதில் என்ன பிரயோசனம்?

லப்டொப்பை ரூட்டரோடு வயரால் கொழுவினோம். அதன் ஐபி முகவரி நாளுக்கு நாள் மாறாமல் ரூட்டரில் ஒதுக்கிவிட்டோம். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு கிழமையில் "அது வேலை செய்யேல்லை" என்று அம்மா சொல்லுவா. வீடியோக்களை "வீட்டு வீடியோ" என்ற வகைக்குள் போட வேண்டும். திரைப்பட வகைக்குள் போட்டால் மென்பொருள் தானாக இணையத்தில் தேடி, அக்காவின் கலியாணத்துக்கு எந்தப் படத்தின் போஸ்டரையாவது ஒட்டிவிடும். எங்களுக்கு ஒட்டியது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தா.

உண்மையான வேலை கசெற்றில்தான். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே டெக்கில் போட்டால் டெக்கின் ஹெட்டும் போகும், அடுத்த கசெற்றுக்கும் பரவும். முதலில் துப்புரவாக்க வேண்டும். பிறகு டெக்கிலிருந்து ஒரு யூஎஸ்பி கருவி வழியாகக் கொம்பியூட்டருக்கு ஏற்றுவது. குறுக்கு வழி இல்லை, மூன்று மணித்தியாலக் கசெற்றுக்கு மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஹான்ட்பிரேக்கில், இரட்டைக் கோடு விழாமல் டீஇன்டர்லேஸ் பண்ணி, எச்.264 எம்பி4 ஆக மாற்றினோம். இந்த வடிவத்தை அநேகமாக எல்லா ரிவியும் போனும் நேரடியாகவே ஓட்டும். சேர்வர் அந்த நேரத்தில் உருமாற்றத் தேவையில்லாததால் பத்து வருடப் பழைய லப்டொப்பும் மூச்சு வாங்காது. விநாடிக்கு 3 மெகாபிட் வைத்தால் ஒரு கசெற் ஏறக்குறைய 4 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் 200க்கு மேல் கொள்ளும். எங்கட ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக் கலியாணமும் அதுக்குள்ள அடங்கும்.

வீட்டுக்குள் ஓடுவதற்கு டேட்டா போகாது. நெட்பிளிக்ஸ் எச்டி தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும். இது ரூட்டருக்குள்ளேயே சுற்றுகிறது. இணையம் நின்றாலும் ஓடும். 2022 ஏப்ரல் 3 சமூக ஊடகங்களை முடக்கினார்கள், 2018இலும் 2019இலும் முடக்கினார்கள். இந்த நாட்டில் இதைக் கற்பனைக் கதை என்று ஒருத்தரும் சொல்லமாட்டினம். மின்சாரம் போனாலும் லப்டொப்பில் பற்றரி இருக்கு, ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போதும்.

செலவை மறைக்கவில்லை. 20 வாட் எடுக்கிற லப்டொப்பை இரவு பகலாக விட்டால் மாதம் 14 யூனிட் வரும். 60, 90 என்று படி தாண்டினால் பில் பாய்கிற எங்கட வீடுகளில் 14 யூனிட் சின்ன விசயமில்லை. நாங்கள் இரவு பதினொன்றுக்கு நிற்பாட்டிக் காலையில் போடுகிறோம். கடை மாதிரித் திறந்து பூட்டினால் என்ன, இது வங்கி இல்லையே.

இரண்டு விசயத்தில் மட்டும் விட்டுக்குடுக்கமாட்டோம். ஒன்று, சேர்வர் இருக்கிறது என்பதற்காகப் பிரதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டாவது டிஸ்க் ஒன்று வேறு ஊரில், வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டையும் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றது, சாவி யாரிடம் என்பது. பெரும்பாலும் இதைப் பூட்டுகிறவன் வீட்டுப் பெடியன். அவனே நிர்வாகி, அவனுக்குத்தான் பாஸ்வேர்ட் தெரியும். அவன் வெளிநாடு போனால் எல்லாம் அம்போ. ஜெலிஃபினில் ஒவ்வொருத்தருக்கும் தனிக் கணக்கு வைக்கலாம், எந்தத் தொகுப்பை யார் பார்க்கலாம் என்றும் பிரிக்கலாம். அந்த வீட்டில் தங்கச்சியின் சாமத்தியவீட்டு வீடியோ தனித் தொகுப்பாக இருக்கிறது. அதைத் திறக்கிறதும் மூடுகிறதும் அவள். இப்போதைக்கு மூடியிருக்கிறாள். நிர்வாகப் பாஸ்வேர்ட் கொப்பியில் எழுதி அம்மாவிடம் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு அந்தக் கலியாண வீடியோவை ஒரு பென்ட்ரைவில் போட்டு, போகிற ஆளிடம் குடுத்துவிட்டோம். நாடாவில் நடுவில் இருபது நிமிடம் போய்விட்டது. தாத்தா வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுகிற இடம் தப்பியிருக்கிறது.

எங்களிடம் இப்போது வேலை செய்கிற டெக் ஒன்றும் ஏற்றுகிற கருவி ஒன்றும் இருக்கிறது. கசெற் வைத்திருக்கிறவர்கள் கொண்டுவாருங்கோ, டிஸ்க் உங்களுடையதாக இருக்க வேண்டும். மூன்று மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்க்க வீட்டுப் பெரியாக்கள் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ. படத்தில் இருக்கிற ஆட்கள் ஆர் ஆர் என்று எங்களுக்குத் தெரியாது, அவைதான் சொல்ல வேணும்.