வாரத்துக்கு 25 மணி நேரம், காலில் டேக்... சிறைக்குப் பதில் 'தீவிரக் கண்காணிப்பு' சிறார்களைத் திருத்துமா?

16 வயதுச் சிறுவன் ஒருவன் திருட்டு, அடிதடி என்று திரும்பத் திரும்ப மாட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போட்டால், புதுசா நாலு விஷயம் கற்றுக்கொண்டு வருவானோ என்ற பயம். சும்மா விட்டால், அடுத்த தெருவில் இன்னொருவர் பாதிக்கப்படுவாரோ என்ற பயம். இங்கிலாந்தும் வேல்ஸும் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கின்றன. ஐ.எஸ்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 'தீவிர மேற்பார்வை மற்றும் கண்காணிப்பு'தான் அது.

யாருக்கு இது?

எல்லோருக்கும் அல்ல. காவலில் அடைக்கும் அளவுக்குக் குற்றம் கடுமையானது என்று நீதிமன்றம் கருதினால்தான் இந்த உத்தரவு. 15 வயதுக்குக் கீழ் என்றால், தொடர்ந்து குற்றம் செய்பவராகவும் இருக்க வேண்டும். 2001-ல் தொடங்கிய இந்தத் திட்டம், 2009 முதல் இளைஞர் மறுவாழ்வு உத்தரவின் ஒரு பகுதியாக இருக்கிறது.

யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஒரே ஒரு நன்னடத்தை அலுவலர் கையில் ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. 1998-ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பகுதியிலும் இளம் குற்றவாளிகளுக்கான குழு இருக்கிறது. சமூகப் பணியாளர், நன்னடத்தை அலுவலர், போலீஸ், சுகாதாரத் துறை, கல்வித் துறை என எல்லோருடைய ஆட்களும் அதில் இருக்க வேண்டும். பையன் ஏன் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டில் என்ன பிரச்னை, போதைப் பழக்கம் இருக்கிறதா என்பதை ஒரே மேஜையில் பேசலாம் என்பதுதான் கணக்கு.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஆறு மாதத் திட்டத்தில், முதல் மூன்று மாதம் வாரத்துக்கு 25 மணி நேரம் செயல்பாடுகள். பிறகு வாரத்துக்குக் குறைந்தது 5 மணி நேரம். படிப்பு அல்லது வேலைப் பயிற்சி, குற்ற நடத்தையை மாற்றும் பயிற்சி, பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்வது, குடும்ப ஆதரவு, மற்றவர்களுடன் பழகும் திறன் ஆகிய ஐந்தும்தான் அடிப்படை.

இன்னொரு பக்கம் கண்காணிப்பு. குறிப்பிட்ட நேரத்தில் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்; அதைச் சரிபார்க்க கணுக்காலில் எலெக்ட்ரானிக் டேக். சொன்னபடி நடக்கவில்லை என்றால் எச்சரிக்கை வரும். 12 மாதத்துக்குள் மூன்றாவது முறையும் தவறினால், விஷயம் மறுபடி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கிருந்து சிறார் சிறைக்கும் போகலாம்.

சரி, பலன் இருக்கிறதா?

இங்கேதான் சிக்கல். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இந்தத் திட்டத்தை ஆய்வு செய்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் 10-ல் 9 பேர் மறுபடி குற்றத்தில் மாட்டியிருந்தார்கள். இதை மட்டும் பார்த்தால் படுதோல்வி. ஆனால், அவர்கள் செய்த குற்றங்களின் எண்ணிக்கை சுமார் 40% குறைந்திருந்தது. மாதம் ஐந்து குற்றம் செய்தவன் மூன்றோடு நின்றால், இரண்டு பேர் தப்பித்தார்கள் என்று அர்த்தம்.

அப்போ வெற்றியா? அப்படியும் சொல்ல முடியாது. திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவிலும் இதேபோன்ற சரிவு தெரிந்தது. எனவே முழுப் பாராட்டையும் திட்டத்துக்கே கொடுக்க முடியவில்லை.

கண்காணிப்பே வலையாக மாறுமா?

அமெரிக்காவில் 14 இடங்களில் பெரியவர்களிடம் நடந்த தீவிர நன்னடத்தைக் கண்காணிப்பை ராண்ட் அமைப்பு ஆராய்ந்தது. 1993-ல் வெளியான முடிவுகளின்படி, புதிய கைதுகள் குறையவில்லை. ஆனால் நிபந்தனை மீறலில் சிக்கியவர்கள் வழக்கமான கண்காணிப்பில் 38%, தீவிரக் கண்காணிப்பில் 65%. காரணம் எளிது. அதிகம் பார்த்தால் அதிகம் கண்ணில் படும். தாமதமாக வந்தது, சந்திப்புக்கு வராதது எல்லாமே கணக்கில் ஏறும். அதேநேரம், சிகிச்சை, வேலை போன்றவற்றில் பங்கேற்றவர்களிடம் மறு கைதுகள் குறைவாக இருந்தன.

ஆக, டேக் மட்டும் போதாது. 25 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். உருப்படியான பயிற்சியும், நம்பிப் பேச ஓர் ஆளும் இல்லையென்றால், சிறைக்குப் பதிலாக வந்த உத்தரவு சிறைக்கே அழைத்துப் போகும் குறுக்குவழியாகிவிடும்.

இப்போது ஏன் கவனிக்க வேண்டும்?

2000-களின் பிற்பகுதியில் இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 3,000 சிறார்கள் காவலில் இருந்தார்கள். சமீப ஆண்டுகளில் அது 500-க்கும் கீழ் வந்துவிட்டது. இதற்குப் பல காரணங்கள் உண்டு, ஐ.எஸ்.எஸ். மட்டும் காரணமல்ல. இதற்கிடையே, 2022-ம் ஆண்டுச் சட்டம் தீவிரச் செயல்பாடுகளை ஓராண்டு வரை நீட்டிக்கவும், வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தை ஒரு நாளில் 20 மணி நேரம் வரை உயர்த்தவும் வழி செய்தது. கூடும் நேரத்துக்கு ஏற்ப ஆசிரியர்களும் ஆலோசகர்களும் கூடுவார்களா, அல்லது டேக் மட்டும்தான் கூடுதல் நேரம் ஓடுமா? பலன் அதைப் பொறுத்துத்தான் இருக்கும்.