சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுத்த கோச்

ஜான் வுடன் என்ற பெயரை நம் பக்கத்தில் அதிகம் உச்சரிப்பவர்கள் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் இல்லை, ஐ.டி. கம்பெனி மேனேஜர்கள். பத்து வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். 'லீடர்ஷிப்' வகுப்பு என்று ஏ.சி. அறையில் உட்காரவைத்த மூன்று இடங்களில் அவருடைய 'வெற்றிப் பிரமிடு' திரையில் வந்திருக்கிறது. உழைப்பு, உற்சாகம், நட்பு, விசுவாசம் என்று மொத்தம் 15 கட்டங்கள். பிறகு டீ, பிஸ்கட். மறுநாள் காலை மீட்டிங்கில் அதே பிரமிடைக் காட்டிய மனிதர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பையனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "உனக்கெல்லாம் யாருப்பா டிகிரி கொடுத்தது?" என்று கேட்பார். அந்தப் பையன் எழுதிய கோடில் எது தப்பு என்பது மட்டும் கடைசிவரை அந்த அறையில் யாருக்கும் சொல்லப்படாது.

அந்தப் பிரமிடைத் தூக்கி ஓரமாக வையுங்கள். வுடனைப் புரிந்துகொள்ள அது தேவையே இல்லை.

அவர் அடிப்படையில் ஒரு இங்கிலீஷ் வாத்தியார். 1910இல் இண்டியானாவில் பிறந்து, பர்டூ பல்கலைக்கழகத்துக்காக ஆடி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே கோச்சாக இருந்தவர். 1948இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு, யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தார். அங்கே சொந்தமாக ஒழுங்கான ஆடுகளம் இல்லை. ஒரு பழைய ஜிம். பக்கத்திலேயே மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும். பயிற்சிக்கு முன் தரையைப் பெருக்கித் துடைக்கிற வேலையில் அவரும் இறங்குவார். முதல் தேசிய பட்டம் 1964இல்தான் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 16 சீசன்! நம் ஊர் கரஸ்பாண்டண்ட் யாராவது 16 வருடம் பொறுப்பாரா? அதற்கப்புறம் 12 வருடத்தில் 10 பட்டம். அதில் 1967 முதல் 1973 வரை தொடர்ச்சியாக ஏழு. நடுவில் 88 ஆட்டம் தோல்வியே இல்லை.

இந்த மனிதர் ஒவ்வொரு சீசனின் முதல் நாளும் செய்த காரியம், மாணவர்களை உட்காரவைத்து சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுத்தது. நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரர்கள், பின்னால் கரீம் அப்துல் ஜப்பார் ஆகப்போகிற ஏழடிப் பையன் உட்பட, குனிந்து சாக்ஸில் மடிப்பு இல்லாமல் இழுத்துவிடக் கற்றுக்கொண்டார்கள். மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். அவ்வளவுதான் தத்துவம். இதை ஸ்லைடில் போடமுடியாது, போட்டால் அறையில் சிரிப்பார்கள்.

1974-75 சீசன், அவருடைய கடைசி வருடம். ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு கல்வி உளவியலாளர்கள் அவருடைய பயிற்சிகளில் ஓரமாக உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் வகைபிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 பதிவுகள். அதில் பாராட்டு 6.9 சதவீதம். அதிருப்தி 6.6 சதவீதம். முக்கால்வாசி வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், எப்போது செய். உணர்ச்சிப் பேருரைகள் இல்லை. ஒருவன் தப்பாகச் செய்தால் இவரே சரியானதைச் செய்துகாட்டுவார், அவன் செய்த தப்பைச் செய்துகாட்டுவார், மறுபடி சரியானதைச் செய்துகாட்டுவார். சில நொடிகளில் ஆட்டம் மீண்டும் ஓட ஆரம்பித்துவிடும்.

நம்மிடம் இருப்பது வேறு தத்துவம். அடியாத மாடு படியாது, அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவமாட்டான். இதைத்தான் நம் சினிமாவும் பளபளப்பாக விற்கிறது. 'பிகில்' (2019) ஞாபகம் இருக்கிறதா? மைதானத்தில் ஒரு பெண்ணை அவள் உடம்பைச் சொல்லிச் சொல்லி 'குண்டம்மா' என்று கோச் சீண்டுவார், அவளுக்கு ரோஷம் வந்து ஆட்டம் மாறும், தியேட்டரில் விசில். அவமானப்படுத்தினால் திறமை பொத்துக்கொண்டு வரும் என்பது அந்தக் காட்சியின் வாதம். காலை எங்கே வைக்கவேண்டும் என்று அந்தக் காட்சியில் யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

வந்தவாசிக்காரன் என்பதால் இந்தக் 'கோச் ஒரு தளபதி' கதை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கசக்கும். வெளியூரில் எங்கள் ஊரைத் தெரிந்த கொஞ்சம் பேருக்கும் 1760 சண்டையால்தான் தெரியும். தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, தன் சொந்த அதிகாரிகளையே எடுத்தெறிந்து பேசியவர் என்று பெயர் வாங்கியவர். அவர் தோற்றதற்குக் காசும் கப்பலும் போதாமல் இருந்தது முக்கியக் காரணம், கோபத்தின் மேல் எல்லாப் பழியையும் போடமாட்டேன். ஆனால் கத்துகிறவன் ஜெயிப்பான் என்பதற்கு எங்கள் கோட்டை சாட்சி சொல்லாது.

சரி, பாப் நைட்? வாதம் செய்கிற நண்பர்கள் உடனே இந்தப் பெயரை எடுப்பார்கள். நியாயமான கேள்விதான். இண்டியானா பல்கலைக்கழகத்தின் கோச், 1976, 1981, 1987 என மூன்று தேசிய பட்டம். 1976இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. கத்தினார், திட்டினார், 1985இல் பர்டூவுக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே நாற்காலியைத் தூக்கி மைதானத்துக்குள் எறிந்தார். பயிற்சியில் ஒரு மாணவனின் கழுத்தில் கை வைத்த வீடியோ வெளிவந்து, 2000இல் வேலையும் போனது. ஆனால் அதே நைட், ஐந்து பேரும் நிற்காமல் நகர்ந்து, திரை போட்டு, இடத்தைத் திறந்துவிடும் 'மோஷன் அஃபென்ஸ்' என்ற தாக்குதல் முறையை அந்தக் காலத்தில் யாரையும்விட நுணுக்கமாகச் சொல்லிக்கொடுத்தவர். அதைக் கற்பிக்க மணிக்கணக்கில் உழைப்பு வேண்டும், ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலி எறிய ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம். அவரைக் காப்பியடித்தவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நான் படித்த பொறியியல் கல்லூரியில் (பெயர் எதற்கு?) ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த ஒரு பையன் இருந்தான். நல்ல உயரம், நல்ல ஓட்டம். ஓடிவந்து கூடையருகே எம்பிப் போடும் லே-அப் மட்டும் வராது. தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு, கூடவே அவன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வருடம் ஓடினான். வலது கையால் போடும்போது இடது காலில் எம்ப வேண்டும், அவன் வலது காலில் எம்பிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் விஷயம்! படிப்பு முடிந்து பெங்களூரில் வேலைக்கு வந்தபின் யூடியூப் பார்த்துத்தான் அவனுக்கே அது தெரிந்தது. அதற்குள் அவன் பந்தைத் தொடுவதையே விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. "சொல்லியிருந்தா ஒரு நிமிஷம் மச்சான்" என்றான்.

அந்த ஒரு நிமிஷத்தைத் தராமல் இரண்டு வருடம் ஓடவிட்டதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு அது வேலை தெரியாமை என்றுதான் படுகிறது. தெரியாததைச் சத்தத்தால் மூடுகிறார்கள். என் தொழிலிலும் கோட் ரிவ்யூவில் அதிகம் கத்துகிறவர், பெரும்பாலும் அந்தக் கோடை முழுசாகப் படிக்காதவர்.

எங்கள் ஊரில் விசைத்தறி வருவதற்கு முன், கோரைப்பாய்த் தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் குச்சியால் கோரையை உள்ளே செலுத்த, இன்னொருவர் இழுத்து அடித்து நெருக்குவார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் தேர்ந்தவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும். "இது தளர்ந்திருக்கு, இழு" என்பதுதான் பாடம். அந்த வேலையிலும் குழந்தைகள் அடி வாங்கியிருப்பார்கள், அதைப் பொற்காலமாக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அடியால் பாயின் ஓரம் நேராகும் என்று அங்கே யாரும் தத்துவம் பேசவில்லை.

இத்தனைக்கும் கூடைப்பந்து பிறந்ததே வகுப்பறையில். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளேயே அடைந்துகிடந்த மாணவர்களுக்காக உருவாக்கிய பாடம் அது. பின்னால் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவரே கோச். ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் அப்படி ஒரு கணக்கு உள்ள ஒரே கோச் அவர்தான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பது படித்துத் தேற வேண்டிய ஒரு வேலை என்று நம் மாநிலத்தில் அப்போதே ஒருவர் கட்டடம் கட்டி நிரூபித்துவிட்டார். நூறு வருடம் கழித்தும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், பி.டி. மாஸ்டர் அசெம்பிளியில் வரிசையை ஒழுங்குபடுத்த விசிலும் குச்சியுமாக நிற்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவருக்கு நாம் கொடுத்த வேலையே அதுதான்.

வுடன் மகான் இல்லை. அவர் காலத்து ஆட்டக்காரர்கள் பலருக்குச் சாம் கில்பர்ட் என்ற பணக்கார ரசிகர் விதியை மீறி உதவிகள் செய்தார். அந்த ஆளின் விவகாரத்தால் 1981இல், வுடன் ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து, யு.சி.எல்.ஏ. தண்டிக்கப்பட்டது. வுடன் இன்னும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் நானும். சாக்ஸில் மடிப்பைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியாமல் போனதா என்ன?

ஆனால் யு.சி.எல்.ஏ.வுக்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது, அதை ஸ்லைடுக்காரர்கள் தொடுவதே இல்லை. 1947இல் அவர் இண்டியானா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கோச். அணி நன்றாக ஆடி, கான்சாஸ் சிட்டியில் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. கறுப்பின ஆட்டக்காரர்கள் வரக்கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார், நட்சத்திரம் ஒன்றும் இல்லை, பெஞ்சில் இருப்பவர். வுடன் அழைப்பை மறுத்தார். அடுத்த வருடம் விதி மாறியது, வாக்கரோடு போனார்கள், இறுதி ஆட்டம்வரை சென்று தோற்றார்கள். அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் வாக்கர்.

நம் கல்லூரி அணிகளிலும் பெஞ்சில் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேருந்தில் இடம் இல்லை, ஷூ சைஸ் இல்லை, மெஸ் பில் கட்டவில்லை என்று எப்போதும் முதலில் கழற்றிவிடப்படுகிறவர்கள் அவர்கள்தான். அடுத்த முறை யாராவது அந்த 15 கட்டத்தைத் திரையில் போட்டால், வாக்கர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள். நான் கேட்டேன். "நல்ல கேள்வி, ஆஃப்லைன்ல பேசலாம்" என்றார்கள்.