புது லாரி! ஆனால், ஓட்டாதே!

நடு ரோட்டில் போய்க்கொண்டு இருக்கும் லாரியை அப்படியே ஓரம் கட்டி நிறுத்துங்கள். பழுது பார்க்கும் வரை ஓட்டாதீர்கள்.

இப்படி ஓர் அவசர எச்சரிக்கை 2016-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. எச்சரிக்கை விடுத்தது, அந்த நாட்டு அரசாங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகா.

அவை ஓடித் தேய்ந்த பழைய லாரிகளா? இல்லை. அத்தனையும் புது லாரிகள்! வால்வோ கம்பெனியின் லாரிகள். வால்வோ, சுவீடன் நாட்டுக் கம்பெனி. அமெரிக்காவிலும் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. ஏறக்குறைய 16 ஆயிரம் லாரிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது.

என்ன கோளாறு?

டிரைவர் கையில் பிடிக்கும் ஸ்டியரிங்கில் இருந்து ஓர் இரும்புத் தண்டு கீழே இறங்குகிறது. அந்தத் தண்டு இணைப்பு விட்டுக் கழன்று போகலாம் என்று தெரியவந்தது. மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் சேர்க்கும் போல்ட், சில லாரிகளில் சரியாக முடுக்கப்படாமல் இருக்கலாம் என்றும் தெரியவந்தது.

இரண்டில் எது நடந்தாலும் கதி ஒன்றுதான். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார். சக்கரம் திரும்பாது!

இதில் இன்னொரு ஆபத்து. கழலப் போகிறது என்பதற்கு முன்கூட்டி அறிகுறி எதுவும் தெரியாது. சத்தம் வராது. விளக்கு எரியாது.

முன் அச்சின் வேலை

லாரியின் முன்பக்கத்தில் குறுக்கே கனத்த இரும்பு அச்சு ஒன்று கிடக்கிறது. இதுதான் முன் அச்சு. அதன் இரண்டு முனைகளிலும் சக்கரங்கள். சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு முனைகளில் 'கிங் பின்' என்ற முளை இருக்கிறது.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டு திரும்புகிறது. தண்டு, ஸ்டியரிங் பெட்டியைத் திருப்புகிறது. பெட்டி, இணைப்புக் கம்பிகளைத் தள்ளுகிறது. கம்பிகள், சக்கரங்களைத் திருப்புகின்றன. இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி அறுந்ததுதான்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. லாரியின் ஆபத்து அதைவிடப் பெரிது. முன் அச்சும் ஸ்டியரிங்கும் கெட்டாலும் லாரி ஓடும்! டிரைவர் நினைக்கிற பக்கம் ஓடாது. அவ்வளவுதான்.

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி, சரக்கோடு சேர்த்து 36 டன் வரை எடை இருக்கலாம். அது மணிக்கு 96 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், ஒரு வினாடிக்குள் சுமார் 27 மீட்டர் தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் கைவிட்டால்? டிரைவர் மட்டுமா போவார்? எதிரே காரில் வரும் குடும்பம் என்ன பாவம் செய்தது?

ஒரு தவறு, ஆயிரம் வண்டி

புது லாரியில் எப்படிக் கோளாறு வரும் என்று கேட்கலாம்.

கிராமத்துத் தச்சர் ஒரு மாட்டு வண்டி செய்கிறார். அதில் தவறு செய்தால், அந்த ஒரு வண்டிதான் கெடும். தொழிற்சாலையில் அப்படி இல்லை. ஒரே மாதிரி பாகம் ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஏறுகிறது. ஒரு பாகம் தவறாக அமைந்தால், அந்தத் தவறும் ஆயிரம் வண்டிகளில் ஏறி ஊர் ஊராகப் போய்விடுகிறது.

அதைத் தேடிப் பிடிக்கத்தான் சேஸிஸ் நம்பர் இருக்கிறது. அது 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. ஒரு வண்டிக்கு உள்ள நம்பர் இன்னொரு வண்டிக்கு இராது. கோளாறு உள்ள வண்டிகள் எவை என்று கம்பெனி அதை வைத்துத்தான் பட்டியல் போடுகிறது.

சட்டம் வந்த கதை

ஒரு காலத்தில் விபத்து என்றால் டிரைவர்தான் குற்றவாளி. வண்டியைச் செய்தவரை யாரும் கேட்பது இல்லை.

1965-ம் ஆண்டில் ரால்ப் நாடர் என்ற அமெரிக்க வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். வண்டிகளைச் செய்யும் முறையிலேயே ஆபத்து இருக்கிறது என்று குற்றம் சாட்டினார். நாடே பரபரப்பு அடைந்தது. அடுத்த ஆண்டு, 1966-ல், வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அங்கே உள்ள விதி இது: வண்டியில் பாதுகாப்புக் கோளாறு இருக்கிறது என்று கம்பெனி முடிவு செய்தால், 5 வேலை நாளைக்குள் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். வண்டிச் சொந்தக்காரர்களுக்கு 60 நாளைக்குள் கடிதம் போட வேண்டும். கோளாறை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

கடிதம் யார் கையில்?

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால், ஓர் ஓட்டை இருக்கிறது.

கடிதம் போவது லாரியின் முதலாளிக்கு. ஸ்டியரிங்கைப் பிடிப்பது டிரைவர். முதலாளி கடிதத்தை மேஜைக்குள் போட்டுவிட்டால், டிரைவருக்கு எப்படித் தெரியும்? லாரி கை மாறி இருந்தால், கடிதம் பழைய முதலாளி வீட்டுக்கே போய்விடலாம்.

முதலாளி பாடும் கஷ்டம்தான். லாரி ஒரு நாள் பட்டறையில் நின்றால், ஒரு நாள் வாடகை போச்சு. கடன் தவணை நிற்குமா? ரிப்பேர் இலவசம் என்கிற அமெரிக்கச் சட்டம், வாடகை நஷ்டத்தையும் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால், "இந்த ஒரு லோடு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற எண்ணம் வருகிறது. அந்த ஒரு லோடில்தான் எமன் இருக்கிறான்!

சாதாரணமாக, திரும்ப அழைத்த வண்டியும் பட்டறைக்குப் போகும்வரை ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2016-ல் அமெரிக்க அரசாங்கம் அப்படி விடவில்லை. லாரிகளின் நம்பர் பட்டியலை ரோட்டுச் சோதனை அதிகாரிகளிடம் கொடுத்தது. பழுது பார்க்காத லாரி அகப்பட்டால், அங்கேயே நிறுத்தச் சொன்னது.

கடிதம் மட்டும் உயிரைக் காப்பாற்றாது. லாரி பட்டறைக்குப் போனால்தான் காப்பாற்றும்.

நம் நாட்டில் உண்டா?

உண்டு. 2019-ம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, ஆபத்தான கோளாறு உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு மத்திய அரசாங்கம் உத்தரவு போடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. கட்டாயமாகத் திரும்ப அழைக்க நேர்ந்தால், வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை கம்பெனிக்கு அபராதம் உண்டு.

ஆகவே, கம்பெனி கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். தன் தவறைத் தானே சொல்லி வண்டியைத் திரும்ப அழைப்பது கம்பெனிக்கு அவமானம் ஆகாது. மறைத்தால்தான் அவமானம்.

முதலாளிகளே! பழைய லாரி வாங்கும்போது, திரும்ப அழைத்த வண்டியா, பழுது பார்த்தாகிவிட்டதா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லி, கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் கேளுங்கள்.

டிரைவர்களே! ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஆட்டம் கொடுத்தாலோ, வண்டியை எடுக்காதீர்கள். காட்டிவிட்டு எடுங்கள். எல்லாக் கோளாறும் சொல்லிக்கொண்டு வருவது இல்லை. சொல்லிக்கொண்டு வருவதையாவது கவனியுங்கள்.

ஒரு லோடு போனால் இன்னொரு லோடு கிடைக்கும். வீட்டில் சோறு எடுத்து வைத்துக் காத்திருக்கும் மனைவிக்கு, இன்னொரு கணவன் கிடைப்பானா?