மண்ணெண்ணெய் வேண்டாம், மண்ணெண்ணெய் பாட்டில் வேண்டும்

 

"கேஸ் கட்டுப்படியாகல சார். பழையபடி ரேஷன்ல மண்ணெண்ணெய் ஊத்துனாப் போதும்." சாத்தூர், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி பக்கம் யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வருகிறது. கஷ்டத்தில் இருக்கும் பெண்கள் சொன்னால் புரிந்துகொள்வேன். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வாங்கும் என் வயதுக்காரர்களும் டீக்கடையில் உட்கார்ந்து இதையே முழங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு, 14.2 கிலோ. ஒரு கிலோ கேஸ் தரும் வெப்பத்துக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர் மண்ணெண்ணெய் எரிக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு சிலிண்டர் என்பது சுமார் 18.5 லிட்டர் மண்ணெண்ணெய். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றிய பிறகு சென்னையில் சிலிண்டர் விலை 868.50 ஆனது. வகுத்துப் பாருங்கள். அந்த விலைக்கு, லிட்டர் 47 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் மண்ணெண்ணெய் லாபம். 2020 மார்ச்சோடு ரேஷன் மண்ணெண்ணெய்க்கான ஒன்றிய அரசின் மானியம் முடிந்துவிட்டது. மறுபடி மானியம் போட்டுத்தான் விலையை இறக்க வேண்டும் என்றால், அந்த மானியத்தைக் கேஸுக்கே போடச் சொல்லலாமே!

பிறகு ஏன் நம் பெண்கள் மண்ணெண்ணெய் கேட்கிறார்கள்? அவர்களுக்குக் கணக்குத் தெரியாமலா? நம்மைவிட நன்றாகத் தெரியும். மண்ணெண்ணெயை அரை லிட்டர் வாங்கலாம். கையில் இருக்கிற காசுக்கு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகலாம். சிலிண்டரை அரை சிலிண்டராக வாங்க முடியுமா? பட்டாசு ஆலையில் சனிக்கிழமை கூலி. மழை பெய்தால் வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில வாரம் வேலை இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோது மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. இப்படி வாரக்கூலியில் ஓடுகிற வீட்டிடம் ஒரே நாளில் முழு சிலிண்டர் பணத்தையும் எடுத்து வை என்றால் எப்படி வைக்கும்? மண்ணெண்ணெயின் பலம் எண்ணெயில் இல்லை ஐயா, பாட்டிலில் இருந்தது.

இப்போது மண்ணெண்ணெயும் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் சிலிண்டர் மூலையில் நிற்கிறது, அடுப்பில் சீமைக்கருவேல விறகு எரிகிறது. காலை ஏழு மணிக்கு ஆலை வண்டி வந்துவிடும் என்று நாலு மணிக்கே எழுந்து ஊதுகுழலோடு உட்காரும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் புகையால் உலகம் முழுக்க 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே நிறுவனம் வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரிப்பதும் வேண்டாம் என்று 2014-லேயே எழுதிவிட்டது. நம் ஊருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தீப்பெட்டி ஒட்டுவதும் காகிதக் குழாய் சுருட்டுவதும் வீட்டுத் திண்ணையில், கூடத்தில் நடக்கிற வேலை. காகிதக் குவியலுக்குப் பக்கத்தில் பொறி பறக்கும் விறகடுப்பு வைப்பதா நமக்கு வழி?

"கேஸ் வெடிக்குமே" என்பார்கள். பம்ப் ஸ்டவ் வெடித்தது மறந்துபோனதா? தண்ணீர் என்று நினைத்து மண்ணெண்ணெயைக் குடித்த குழந்தைகளை மறந்தீர்களா? கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கதவைத் திற, சுவிட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடு. பட்டாசு மருந்தோடு வாழப் பழகிய ஊருக்கு இந்த மூன்றையும் கற்றுக்கொடுக்க முடியாதா?

இனி ஆட்சியாளர்களுக்கு. 2007-ல் தமிழக அரசு இலவச இணைப்பும் அடுப்பும் கொடுத்தது. நல்ல காரியம். 2016-ல் ஒன்றிய அரசு உஜ்வலா கொண்டுவந்தது. அதுவும் நல்ல காரியம். ஆனால் உஜ்வலா இணைப்புக்கு மட்டும் 300 ரூபாய் மானியம். வீட்டில் ஏற்கெனவே இணைப்பு இருந்தால் உஜ்வலா கிடையாது. ஆக, 2007-லேயே மாநில அரசிடம் இணைப்பு வாங்கிய ஏழைக்கு இந்த 300 இல்லை! முன்னாலேயே அடுப்பு வாங்கியது குற்றமா? மானியம் உள்ளவர்களும் முழுப் பணத்தை முதலில் கட்ட வேண்டும், மானியம் பின்னால் வங்கிக்கு வரும். 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்ன 100 ரூபாய் மானியமும் கைக்கு வரவில்லை. இரண்டு அரசுக்கும் இணைப்புக் கொடுத்த எண்ணிக்கையைச் சொல்வதில்தான் பெருமை. இரண்டாவது சிலிண்டர் வாங்கினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

என் கோரிக்கை மூன்றுதான்.

ஒன்று, வீட்டு விலையில் 5 கிலோ சிலிண்டர். அந்த 868.50 கணக்கில் விகிதப்படி 306 ரூபாய் வருகிறது. ஒரு சனிக்கிழமைக் கூலியில் எடுத்து வைக்கக்கூடிய தொகை. திட்டத்தில் இந்த 5 கிலோ இணைப்புக்கு இடம் இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

இரண்டு, அதை ரேஷன் கடையில் கொடுங்கள். கூட்டுறவுக் கடையில் சின்ன சிலிண்டர் விற்பதை 2022-ல் சென்னையில் தொடங்கினார்கள். அது சந்தை விலைச் சரக்கு. வெம்பக்கோட்டைக்கு வர வேண்டியது மானிய விலைச் சரக்கு.

மூன்று, மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வாங்குங்கள். 2007 இணைப்புக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதிய நண்பர்களே, உங்கள் வீட்டில் எரிவது கேஸ். அடுத்த வீட்டுக்காரிக்கு மட்டும் மண்ணெண்ணெய் போதும் என்று சொல்லாதீர்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் 5 கிலோ சிலிண்டருக்குத் தீர்மானம் போடச் சொல்லி எழுந்து நில்லுங்கள். நான் என் ஊரில் நிற்கப்போகிறேன்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். கணக்கோடு எழுதுங்கள்.